புள்ளிக் கணக்கு

காரைக்குடி, செக்காலை ரோட்டில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
தட்டச்சு, பக்கத்துக்கு இருபத்தைந்து ரூபாய்.
சிகப்பியின் ஆய்வேடு நானூற்றுப் பத்துப் பக்கம்:
விடுதலைக்குப் பின் ஆப்பிரிக்கச் சிந்தனையில் சமூகநீதி.
கோழி கிளறிய கையெழுத்து. தட்டுவது நான்.

கொடி மாறிய மறுநாள் காலையில்
வேறென்ன மாறியிருக்க வேண்டும்
என்பதுதான் முதல் இயல் முழுக்க.
சுரங்கம் யாருக்கு, நிலம் யாருக்கு,
வெள்ளைக்காரன் எழுந்துபோன நாற்காலியில்
உட்கார்ந்தவனுக்கும் ஏன் காது கேட்காமல் போனது.
ஓரிடத்தில் சிரித்துவிட்டேன்.
அங்கேயும் தாலுகா ஆபீஸ் இருக்கிறது.

இரண்டாம் இயலில் ஒரு சொல், உஜாமா.
குடும்பமாயிருத்தல் என்று எழுதியிருந்தாள்.
பங்காளித்தனம்னு போடலாமே என்றேன்.
"எங்க பக்கம் பங்காளின்னா கோர்ட்டு கேஸ்."
என் பக்கம் பங்கே கிடையாது
என்று நான் சொல்லவில்லை.
தட்டினேன்.

முன்னே எங்கள் ஊர்களில் மேல்கீழ் இருந்ததில்லை,
அங்கே திரும்புவோம் என்றார்களாம் சிலர்.
திரும்பினால் குடம் யார் தலையில்
என்று கேட்டாளாம் ஒருத்தி.
அடிக்குறிப்பில் இருக்கிறாள், பெயரில்லாமல்.
சமத்துவ ஊருக்கு வர மறுத்தவர்களை
லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கியதும் வருகிறது.
சிகப்பி அதை மறைக்கவில்லை.
அதற்காகவே அவளைப் பிடிக்கும்.

நாலாம் இயலில் திரும்பின பக்கமெல்லாம் கடன்.
சில வரியில் மனிதருக்கு மனிதர் செய்ய வேண்டியது,
சில வரியில் வெளிநாட்டு வங்கிக்குக் கட்ட வேண்டியது.
ரெண்டுக்கும் ஒரே சொல்லா என்றேன்.
பேனாவை மூடினாள்.
அவள் கொள்ளுத்தாத்தா பர்மாவில்
வட்டி கட்டாதவர்களிடம் எழுதி வாங்கிய வயல்
ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர்.
அந்த நாடு விடுதலையாகி அதை எடுத்துக்கொண்டது.
வீட்டில் இன்றைக்கும் 'பறிகொடுத்தது' என்றுதான் பேச்சு.
"நான் எந்த வார்த்தை போடணும், நீயே சொல்லு."
எனக்குத் தெரியவில்லை.
அன்று அதற்கு மேல் வேலை ஓடவில்லை.
டீ வாங்கி வந்தாள்.

டீக்கு நடுவே சொன்னாள்:
கல்யாணமான ஆம்பளைதான் எங்க கோயில்ல ஒரு புள்ளி.
அண்ணன் போன தையில புள்ளியாயிட்டான்.
எனக்கு முப்பத்து நாலு, டாக்டர் பட்டம் வரப்போகுது,
இன்னும் நான் கணக்குல இல்ல.
சேர்ந்துதான் சிரித்தோம்.
ஆனாலும் அந்தக் கோயில் குளத்துப் படியில்
என் அப்பா கால் நனைத்ததில்லை.
ஒரே சிரிப்புக்குள்
ரெண்டு தூரம் இருந்தது.

எங்கள் தெருவுக்கு ஆறு நாளைக்கொருமுறை தண்ணீர்.
மேலத்தெருவுக்குத் தினமும்.
தொட்டி ஒன்றுதான்.
தலைவரிடம் போய் நின்றால்,
நாமெல்லாம் ஒரே குடும்பம்மா,
குடும்பத்துக்குள்ள கணக்குப் பார்க்கலாமா என்கிறார்.

அவள் போன பிறகு, கடை அடைக்கிற நேரம்,
அதே கம்ப்யூட்டரில் வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்தேன்.
பெறுநர், மாவட்ட ஆட்சியர், சிவகங்கை.
'தாங்கள் கருணை கூர்ந்து' வரைக்கும்
விரல் தானாகப் போனது. அழித்தேன்.
இரண்டாம் இயலிலிருந்து ஒரு வரியை எடுத்து ஒட்டினேன்:
குடும்பம் என்று சொல்கிறவர்
முதலில் பானையைத் திறந்து காட்ட வேண்டும்.
ஆப்பிரிக்காவில் யாராவது சொன்னதோ,
சிகப்பியே சொன்னதோ.
அடிக்குறிப்பு போடவில்லை.

பிறகு பெயர்கள். அறுபத்து மூன்று வீடு.
செல்லக்கண்ணு, ஒச்சம்மா, பூவாயி,
புருஷன் திருப்பூர் போய்த் திரும்பாத அன்னக்கொடி,
தனியாக இருக்கிற என் சின்னம்மா.
ஆளுக்கு ஒரு வரிசை எண்.

தண்ணீர் என்று தட்டினால்
இரண்டு புள்ளி விழும், ண் தலையில் ஒன்று, ர் தலையில் ஒன்று.
நாளெல்லாம் யாருக்காகவோ வைக்கிற புள்ளிதான்.
அன்றைக்கு மட்டும்
ஒவ்வொன்றையும் பார்த்து வைத்தேன்.

அச்செடுத்தது ஒரு பக்கம்.
இருபத்தைந்து ரூபாயை
முதலாளி கல்லாவில் போட்டுவிட்டு
விளக்கை அணைத்தேன்.
திங்கள்கிழமை முதல் பஸ் ஐந்தரைக்கு.